நூற்று இருபத்தெட்டு புரூஃப், எழுபது வளைவு

“…மூக்கு போயிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா அன்னிக்கோட முடிஞ்சுதுடா. அப்புறம் எவன் என் கையில கிளாஸைக் குடுப்பான்?” என்று கதிரேசன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். சனிக்கிழமை காலை 6.40. ராசிபுரம் பேருந்து நிலையம். கதிரேசனின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில். என் மடியில் நான்கு வெற்றுச் சாக்குகள்.

நான் ராசிபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மாசி பிறந்து பங்குனி முடிவதற்குள் ஒருமுறை கொல்லிமலை ஏறி மிளகு வாங்கி வருவது வழக்கம். கதிரேசன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். நான் பத்தாவதோடு நின்றேன். அவன் ஓட்டல் படிப்பு படித்து, கோவாவில் நான்கு வருடம், துபாயில் பதினெட்டு வருடம் பெரிய ஓட்டல்களின் மதுக்கூடத்தில் வேலை பார்த்தான். கடைசியில் ஊற்றிக் கொடுக்கிற வேலை போய், எந்தச் சரக்கை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று முகர்ந்து சொல்கிற வேலைக்கு வந்திருந்தான். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவன் மூக்கை எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் திரும்பியது அவனுக்குத் திரும்பவே இல்லை. யாரிடமும் சொல்லாமல், “போதும்டா வெளிநாடு” என்று ஊர் வந்து சேர்ந்தான். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது பெங்களூரில் வெளிநாட்டு மது இறக்குமதி செய்கிற ஒருவர், பழைய பழக்கத்தில், இந்தப் பாட்டிலை அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவின் கென்டக்கிப் பக்கத்து போர்பன் விஸ்கி. ருசித்துப் பார்த்து, ஒரு தாளை நிரப்பித் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எழுதியது அவருக்குப் பிடித்திருந்தால் மாதம் நான்கு பாட்டில் வரும், வீட்டிலிருந்தே வேலை, நிரந்தரச் சம்பளம். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு கதவு திறக்காது என்று கதிரேசனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ராசிபுரம் தாண்டியதும் அந்தத் தாளைக் காட்டினான். ஐந்து கட்டங்கள்: நிறம், மணம், சுவை, விழுங்கியபின் நிற்பது, மதிப்பெண். மணம் என்ற கட்டம் மட்டும் அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தது. வெனிலா, கருக்கிய சர்க்கரை, ஓக் மரம், கொஞ்சம் லவங்கப்பட்டை.

“பாட்டில் சீலே உடைக்கலையேடா?”

“போர்பன்னா இதுதாண்டா வரும். எத்தனை ஆயிரம் பாட்டில் மோந்திருக்கேன். உன் கடையில மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் பிரிக்காமயே காரம்னு சொல்ல மாட்டியா?”

“காரம்னு சொல்லுவேன். நல்ல காரம்னு சொல்ல மாட்டேன்.”

அவன் தாளை மடித்துவிட்டான். “மலைக்காத்துல ஒருவேளை கொஞ்சம் தெரிஞ்சா பாப்பேன். தெரியலைன்னா தாள் இருக்கவே இருக்கு” என்றான்.

7.25க்குப் பேளுக்குறிச்சி. சனிக்கிழமை சந்தை அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. கடுகு, சீரகம், மல்லி, வெந்தயம் எல்லாம் சாக்கு விரிப்பில் குவியல் குவியலாக. ஒரு மளிகைக்காரனுக்கு இது கோயில் பிராகாரம் மாதிரி, சுற்றி வந்தாலே மனசு நிறையும். கதிரேசன் ஒவ்வொரு குவியலிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனான். சீரகம், இல்லை. சோம்பு, இல்லை. கட்டிப் பெருங்காயத்தைத் தூக்கியபோது கடைக்கார அம்மா, “கண்ணு, மோந்தே வயிறு ரொப்பிக்குவியாட்ட இருக்குது. அளந்து போடட்டுமா?” என்றார்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி ஐம்பது கிராம் வாங்கிக்கொண்டான். நகர்ந்து வந்தபின், “பெருங்காயம் வெச்ச டப்பாவுக்காவது வாசனை மிஞ்சும். எனக்கு அதுகூட இல்லடா” என்றான். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், ஒன்று பன்னிரண்டு ரூபாய். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். தேநீரும் காபியும் இப்போது அவனுக்கு டயர் கருகின நாற்றமாகத் தெரியுமாம். மூக்கு செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, பொய் சொல்ல ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை என்றான்.

அடுத்த வண்டி சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய கல் உண்டு. புதிதாய் வருகிறவர்கள் கல்லைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். நடத்துநர் எங்கள் முன் இருக்கைப் பையன்களிடம், “எண்ணாதீங்க தம்பி. எண்ணுறவந்தான் வாந்தி எடுப்பான். எண்ணாம ஏறுனா மலை, எண்ணிக்கிட்டு ஏறுனா வட்டி” என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் கார் வாடகைக்கு எடுப்பதில்லை. காரில் மலை தெரியும், மலையேறுகிறவர்கள் தெரிய மாட்டார்கள்.

ஐம்பதாவது வளைவு தாண்டியபின் காற்று குளிர்ந்தது. இன்னும் மேலே போனதும் வண்டியில் ஒரு சலசலப்பு. பின்னால் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த அம்மா, “காப்பி பூத்திருச்சாட்ட இருக்குது” என்றார். முந்தின வாரம் பெய்த ஒரு மழைக்குக் காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்திருந்தன. மல்லிகைக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாசனை, ஜன்னல் வழியே அடித்துக்கொண்டு வந்தது. வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கம் திரும்பினோம்.

கதிரேசனும் திரும்பினான். ஆனால் ஜன்னல் பக்கம் இல்லை, எங்கள் முகங்களின் பக்கம். அதன்பிறகு, “ஆஹா!” என்றான். அரை நொடி தாமதம்தான். பதினெட்டு வருடம் மூக்கால் சம்பாதித்தவன் இப்போது அடுத்தவர் முகத்தைப் பார்த்து வாசனை தெரிந்துகொள்கிறான் என்று அந்த அரை நொடியில் எனக்கு விளங்கியது.

10.50. சோளக்காடு. வெள்ளையன் நின்றுகொண்டிருந்தார். தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் அவருக்கும் அவர் மனைவி பாவாயிக்கும் இரண்டு ஏக்கர் காடு இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காப்பி, ஓரத்தில் மரவள்ளி. ஏழு வருடமாக என் கடை மிளகு அவர்களுடையது. வாடகை ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய், அரைமணி ஓட்டம், பிறகு கால் கிலோமீட்டர் நடை.

வீட்டு வாசலுக்கு முன் களம். களம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பச்சையாய்க் கொட்டியது கறுத்துச் சுருங்கிக்கொண்டு வருகிற பருவம். செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். “வாங்கண்ணா, வாங்க. கூட வந்திருக்கறவுரு ஆருங்க?” என்றார் பாவாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கை எப்போதும் எதையாவது துழாவிக்கொண்டே இருக்கும், பேச்சும் அப்படித்தான்.

“துபாய்ல இருந்தவரு. சீமைச் சாராயம் மோந்து பாத்து நல்லது கெட்டது சொல்றவரு” என்றேன்.

“அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? எங்கூட்டுக்காரரு சும்மாவே சொல்லுவாரே!”

“பாருங்கண்ணா, வந்ததும் வராததுமா மானத்தை வாங்கறா” என்றார் வெள்ளையன்.

மதியம் சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும். நானும் வெள்ளையனும் கொடி பார்க்கப் போயிருந்தபோது கதிரேசன் அடுப்படி ஓரமாக உட்கார்ந்து செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வருகையில் பாவாயி அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காப்பி கிடைக்கவில்லை. அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4.15. பாட்டிலைத் திறக்கிற நேரம் என்றான் கதிரேசன். பாவாயி இடம் சொன்னார்: “ஊட்டுக்குள்ள சாமிபடம் இருக்குது. களத்துல மிளகு காயுது, வாடை ஏறிக்கும். அக்கட்ட பாறை மேல வெச்சுக்கங்க.” நான்கு பேரும் பலாமரத்தடிப் பாறைக்குப் போனோம்.

குடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். போர்பனில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்த சாராயத்தை, உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வருடக்கணக்கில் வைப்பார்கள். நிறமும் இனிப்பும் அந்தக் கருகலிலிருந்தே வர வேண்டும், வெளியிலிருந்து எதுவும் சேர்க்கக்கூடாது. சாதாரணமாகப் பாட்டிலில் அடைக்குமுன் தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைப்பார்கள். இதில் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை, பீப்பாயில் இருந்தது இருந்தபடி. நம் ஊர் விஸ்கியில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு சாராயம் என்றால் இதில் அறுபத்து நான்கு. அமெரிக்கக் கணக்கில் அதை இரட்டிப்பாக்கி நூற்று இருபத்தெட்டு புரூஃப் என்று எழுதுகிறார்கள்.

“மக்காச்சோளமா?” என்றார் வெள்ளையன். “கீழ நாமக்கல்ல அதைக் கோழிக்குப் போடறாங்க. அங்க மனுசனுக்கா?”

“கோழி முட்டை போடும். இவன் என்ன போடுவான்னுதான் தெரியல” என்று நான் கதிரேசனைக் காட்டினேன்.

கதிரேசன் எதற்கும் சிரிக்கவில்லை. அவன் கையில் கிளாஸ் வந்ததும் ஆளே மாறிவிட்டான். அடி அகன்று வாய் குறுகின இரண்டு கிளாஸ், ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தான். முப்பது மில்லி அளவு ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தான். பழைய புளியின் நிறம், விளிம்பில் செம்பு. சுழற்றினான். கிளாஸ் சுவரில் ஏறின திரவம் எண்ணெய் மாதிரி மெல்ல மெல்லக் கோடாக இறங்கியது. பிறகு மூக்கை உள்ளே விடாமல், முகவாய்க்கு நேரே கிளாஸைப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மூச்சிழுத்தான். இவ்வளவு வீரியமுள்ளதை நேராய் மோந்தால் மூக்கு எரிந்து பத்து நிமிடத்துக்கு எதற்கும் உதவாதாம். கண்ணை மூடினான். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். எனக்கு வேறு காரணம்.

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி தலையை லேசாக அசைத்தான். இல்லை.

“வெனிலா வருதுங்க” என்றான் வெள்ளையனிடம், குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல். “அதுக்குப் பின்னாடி கருக்கின சர்க்கரை. கடைசியா ஓக் மரம்.”

“எங்க காட்டுலயும் ஓக் மரந்தாங்க, சில்வர் ஓக்கு!” என்று வெள்ளையன் கை தட்டினார்.

பிறகு ஒரு வாய். அதை விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரப்பினான். முதல் வாய் எப்போதும் நாக்கைச் சமாதானப்படுத்துவதற்கு, இரண்டாவது வாய்தான் தீர்ப்புக்கு என்றான். இரண்டாவது வாய்க்குப்பின் அவன் பேசியதை நான் அப்படியே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை. “இனிப்பு நுனிநாக்குல வந்து உடனே ஒதுங்கிருது. காரம் ஒரே அடியா அடிக்கல, நடுநாக்குல ஏறி உள்ளாற பரவுது. கன்னத்துல லேசாத் துவர்ப்பு, பாக்கு மென்ன மாதிரி, அது மரம். விழுங்குனப்புறம் நெஞ்சுல சூடு நிக்குது, ஆனா கடிக்கல. அறுபத்தி நாலுக்கு இது நல்ல அடக்கம்.” பிறகு ஆறேழு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி குடித்தான். “தண்ணி பட்டதும் இனிப்பு முன்னாடி வருது, கசப்பு பின்னாடி போகுது. நல்லாக் கட்டுன சரக்கு.”

மூக்கு போனவனுக்கு எரிச்சலும் இனிப்பும் கசப்பும் துவர்ப்பும் மிஞ்சும். அவை நாக்கோடும் தோலோடும் சேர்ந்தவை. வாசனை மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. வீரியமான சரக்கு அவனுக்குக் கிடைத்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு கிளாஸில் வெள்ளையன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “அடியாத்தீ!” என்று எழுந்து நின்றார். “தொண்டையில ஒரு கம்பளிப்பூச்சி போயிருக்குதுங்க, அதுக்குப் பின்னாலயே வெல்லம் போகுது” என்றார். நானும் குடித்தேன். எனக்கு அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

பாவாயி குடிக்கவில்லை. “கையில ஒரு சொட்டு உடுங்க” என்று உள்ளங்கையை நீட்டினார். மிளகு பார்க்கிறவர்கள் செய்வதுபோல இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்து, முகத்தருகே கொண்டுபோனார். கதிரேசன் வியந்துபோய், “அம்மிணி, நாங்களும் இப்படித்தான் செய்வோம்” என்றான். பாவாயி அதைக் காதில் வாங்கவில்லை. இன்னொரு முறை முகர்ந்தார்.

“நல்ல வாசந்தானுங்க. வெல்லப்பாகு, அப்புறம் புதுப் பலகை. ஆனா மேல என்னமோ போத்தியிருக்குது.” மறுபடி முகர்ந்தார். “நனஞ்ச சாக்கு. மழையில நனஞ்சு, காயாம மடிச்சு வெச்ச சாக்குங்க.”

“அது மரத்து வாசனை” என்றான் கதிரேசன் சட்டென்று. “கருக்கின ஓக். பழக்கமில்லாதவங்களுக்கு அப்படித் தெரியும்.”

“மரம் தனியா இருக்குதுங்க. இது வேற.”

“அம்மிணி, நான் இதுலயே தலை நரைச்சவன்.”

வெள்ளையனுக்கு விருந்தாளியின் முகம் கோணியது பொறுக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைங்கறாப்ல பேசாத. அவரு உலகமெல்லாம் பாத்தவரு” என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பாவாயி சிரித்துவிட்டு, “கழுதையா இருந்தாலும் சாக்குச் சுமந்த கழுதைங்க, சாக்கு வாசனை எனக்குத் தெரியும்” என்று கைகழுவப் போய்விட்டார். ஆனால் அந்தப் பழமொழி கதிரேசனைத்தான் அடித்தது. கிளாஸைப் பாறைமேல் வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் கிளாஸை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்று சொல்லவேண்டும்: பாவாயி சொல்லியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. சொன்னபிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. என் கடைக் கிடங்கில் ஒரு ஐப்பசி மாதம் அடித்த அதே நாற்றம்.

5.30. வெள்ளையன் மாடு பிடித்துக் கட்டப் போனபின் நாங்கள் இருவரும் பாறையில் தனியே இருந்தோம். “சாக்குத்தான்டா” என்றேன். அவன் பாட்டிலின் தக்கை மூடியைத் தூக்கிப் பார்த்தான். “கார்க்குல பூசணம். எப்பவாவது ஒரு பாட்டில்ல இப்படி வரும். மொத மோப்பத்துலயே சொல்லிரணும். புதுசா சேர்ந்த பையன்கூடக் கண்டுபிடிச்சிருவான்” என்றான். “பெங்களூர்க்காரரு என்னைச் சோதிக்க வேணும்னே இதை அனுப்பிச்சிருப்பாரோ?”

அது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் பாட்டிலைத் திறக்காமலே எழுதிய வெனிலாவும் லவங்கப்பட்டையும் அப்படியே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

மறைப்பதற்கில்லை, யோசனை சொன்னவன் நான்தான். “தப்பிச்சே. அந்தம்மா சொன்னதை எழுது. வெல்லப்பாகு, புதுப்பலகை, மேல ஈரச்சாக்கு. கார்க் கெட்டிருக்குன்னு போட்டு அனுப்பு. உன்னை மாதிரி மூக்கு தென்னாட்டுலயே இல்லைன்னு தூக்கி வெச்சுக்குவாரு.” அவன் பழைய வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதினான். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டான். தேவனூர்ப் பக்கம் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது, காலையில் பேருந்து நிற்கிற மேட்டில்தான் கிடைக்கும். “மேட்டுக்குப் போனதும் போட்டோ எடுத்து அனுப்பிரலாம்” என்றான். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. அதை நான் மலைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30. களத்தில் எனக்கான மிளகை அளந்து சாக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து நான்கு குடும்பத்தின் மிளகும் சேர்த்து மொத்தம் பதினோரு மூட்டை, அதில் எனக்கு நான்கு. சாக்கின் வாயை மடித்துக் கோணிஊசியால் சணல் கோத்துத் தைக்க வேண்டும். சும்மா நிற்கக் கூச்சப்பட்ட கதிரேசன் ஒரு ஊசியை எடுத்து, நிரம்பியிருந்த ஒரு மூட்டையின் முன் குந்தி உட்கார்ந்தான். முதல் தையல் போட்டுவிட்டான்.

“மோந்து பாத்தீங்களாண்ணா?” என்றார் பாவாயி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பார்த்தனுங்க.”

“அப்பத் தையுங்க.”

அவன் இரண்டாவது தையலுக்கு ஊசியைக் குத்தும்போது வெள்ளையன் எங்களுக்கு விளங்கட்டும் என்று சொன்னார்: “இங்க அப்படிங்க. கையை உட்டு அடிமிளகை எடுத்து ஆரு மோந்தாங்களோ அவிங்கதான் வாயைத் தைக்கோணும். ஈரம் இருந்து பூத்துப் போச்சுன்னா மூட்டை திரும்பித் தச்சவங்க ஊட்டு வாசலுக்கே வந்துரும், மிளகு ஆருதா இருந்தாலும். எனக்கு ஊசியே தர மாட்டாங்க. போன வருசம் நான் தச்சது ஒண்ணு பேளுக்குறிச்சி வரைக்கும் போயித் திரும்புச்சு.”

“சளி புடிச்ச மூக்கை வெச்சுக்கிட்டு மோந்தேன்னு சொன்னாருங்க” என்றார் பாவாயி. “சளி தப்பில்லீங்க. மூக்கு இருக்கற வரைக்கும் சளி இருக்கத்தான் செய்யும். சளின்னு சொல்லியிருந்தா நான் மோந்திருப்பேன்.”

கதிரேசனின் கை அப்படியே நின்றது. ஊசி சாக்கில் பாதி உள்ளே, பாதி வெளியே. அவனைச் சுற்றி அவரவர் வேலையாக இருந்தார்கள், யாரும் அவனைப் பார்க்கவில்லை. பாவாயி அவன் சொன்னதை நம்பி அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். அந்த நம்பிக்கைதான் அவனைப் பிடித்து நிறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊசியை வெளியே இழுத்தான். போட்ட தையலையும் உருவினான்.

“இல்லீங்க அம்மிணி. மோந்து பாக்கல. மோந்தாலும் எனக்குத் தெரியாதுங்க. மூணு வருசமா மூக்கு இல்லை.”

பாவாயி நிமிர்ந்து பார்த்தார். அவர் பரிதாபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர், “அதானுங்களா!” என்றார், கணக்குத் தீர்ந்தவர்போல. “நேத்துப் பால் அடிப்புடிச்சுக் காட்டுக்கே நாறுது, நீங்க அடுப்போரமா உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருக்கறீங்க. துபாய்க்காரங்களுக்கு என்ன திண்ணக்கம்னு நெனச்சனுங்க.”

வெள்ளையன் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும், கதிரேசனும். சிரிப்பு அடங்கும் முன்பே வெள்ளையனுக்கு முந்தின நாள் சொன்ன பழமொழி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு, “தெரியாமச் சொல்லிப்புட்டனுங்க” என்றார். “உங்க ஊட்டுக்காரம்மாகிட்ட அதைச் சொல்லுங்க” என்றான் கதிரேசன். பாவாயி அவனிடமிருந்து ஊசியை வாங்கி, கையை முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு, அடிமிளகை எடுத்துத் தேய்த்து மோந்து, தைத்தார்.

8.40. பேருந்து நிற்கிற மேடு. நான்கு மூட்டையையும் வெள்ளையன் தன் மொபெட்டில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து சேர்த்தார். செம்மேட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் பாவாயியும் கூட வந்திருந்தார். வண்டி ஒன்பது மணிக்கு. கீழே காப்பிப்பூ வெள்ளை வெள்ளையாக மரவள்ளிக் காடுவரை போர்த்திக் கிடந்தது. நாளைக்குள் உதிர்ந்துவிடும் என்றார்கள்.

மூட்டைமேல் உட்கார்ந்து என் கடையை நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடமாக வியாபாரம் செய்கிறேன். என் கடையில் நூறு சாமான் இருக்கிறது. எத்தனையோ பேருக்கு “முதல் தரம்” என்று சொல்லி நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் எத்தனையை நான் மோந்து பார்த்திருக்கிறேன்? எந்த மூட்டை திரும்பி வந்தாலும் மொத்த வியாபாரியைக் கை காட்டுவேன், அவர் இன்னொருவரைக் காட்டுவார். இங்கே ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் ஒரு சணல் நூலுக்கு ஓர் ஆள் பொறுப்பு. நேற்று மாலை நண்பனுக்கு நான் சொன்ன யோசனை நல்ல யோசனைதான், கீழே இருக்கிற ஊருக்கு.

கதிரேசனின் செல்பேசியில் சிக்னல் வந்து, தவறிப்போன அழைப்புகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. அவன் தாளை எடுத்து மடியில் விரித்தான். போட்டோ எடுப்பான் என்று பார்த்தேன். எடுக்கவில்லை, பெங்களூர்க்காரரின் எண்ணைத் தட்டினான்.

“சார், கதிரேசன் பேசறேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடறதுக்கு மன்னிக்கணும்… ஆமா, பார்த்தாச்சு. நாக்குக்கு நல்லா இருக்கு, காரம் அடக்கமா இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு, எழுதியிருக்கேன். ஆனா கார்க் கெட்டிருக்கு… ஆமா. ஆமா, சரியாத்தான் சொல்றேன்… இல்ல சார், கண்டுபிடிச்சது நான் இல்லை.”

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. இவன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எனக்கு மணம் தெரியாது சார். காய்ச்சல்ல போயிருச்சு. மூணு வருசமாச்சு… முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புதான். தாளை மாத்தி அனுப்பறேன். வேலை குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்… மோந்து பார்த்தவங்களா? இங்கதான் இருக்காங்க. பேர் பாவாயி, மிளகு வெவசாயம்… இல்ல, குடிக்கல. கையில தேய்ச்சுப் பார்த்தாங்க.”

வளைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. நாங்கள் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம். கதிரேசன் மட்டும் அசையாமல் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு செல்பேசியைக் காதிலிருந்து எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் பாவாயியிடம் நீட்டினான்.